இறந்தவர் எழுதிக் கொடுத்த கிரயம்

அன்புள்ள சகோதரிக்கு,

கோலார் தங்கவயலிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும், அதோடு பின் குத்தி வைத்த ஜெராக்ஸ்களும் வந்து சேர்ந்தன. இதே தவிப்பில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால், பெயர், தெரு, சர்வே எண் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறேன்.

உங்களைத் தூங்க விடாத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மனை இன்னமும் உங்கள் குடும்பத்துடையதுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஆயுசு முழுக்க இறங்கி ஏறிய உங்கள் அப்பா, மைன்ஸ் எல்லைக்கு வெளியே காசு கொடுத்து வாங்கிப் போட்ட மனை அது. அவர் காலமாகி நாலு வருஷம் ஆன பிறகு, அவரே நேரில் வந்து விரல் வைத்துக் கிரயம் எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் பதிவாகியிருக்கிறது. வாங்கியவர் கொஞ்ச காலத்தில் இன்னொருவருக்கு விற்றுவிட்டார். அந்த இரண்டாமவர் காத்தா மாற்றி, கந்தாயம் கட்டி, பேங்கில் கடனும் வாங்கி, சுற்றி வேலி போட்டிருக்கிறார். “ரிஜிஸ்டர் ஆனது ஆனதுதான், இனி யாராலும் அசைக்க முடியாது” என்று ஒரு பத்திர எழுத்தர் சொல்ல, உங்கள் தம்பியும் அதை நம்பிவிட்டார். நம்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு செய்வது பத்திரத்தை. நிலத்தின் உரிமையை அல்ல. சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். இன்னார் இவர்தான் என்று இரண்டு பேர் அடையாளம் சொல்கிறார்கள். “இதை நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களா?” என்று அதிகாரி கேட்கிறார். “ஆமாம்” என்கிறார் வந்தவர். போட்டோ எடுக்கிறார்கள், விரல் ரேகை எடுக்கிறார்கள், முத்திரை விழுகிறது. அந்த நிலம் அவருடையதுதானா என்று விசாரிக்க அதிகாரிக்கு அதிகாரமே இல்லை. தமிழ்நாட்டில் மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவு கிடையாது என்று ஒரு விதி, 55ஏ, வைத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்தை மீறியது என்று தள்ளிவிட்டது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலையில்லை என்பதுதான் காரணம். அதே ஆண்டு நவம்பரில் பிகார் விதி ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்தது.

இதில் வருத்தமும் இருக்கிறது, உங்களுக்கு லாபமும் இருக்கிறது. வாசலில் நின்று திருடனைத் தடுக்க ஆளில்லை என்பது வருத்தம். அந்த வாசலைத் தாண்டிப் போனதாலேயே திருடன் சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான் என்பது லாபம். தன்னிடம் இல்லாததை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. ஆள்மாறாட்டம் செய்தவனிடம் உரிமை இல்லை. அதனால் அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை, அவரிடம் வாங்கிய இரண்டாமவருக்கும் இல்லை. நடுவில் எத்தனை முத்திரை விழுந்தாலும் கணக்கு இதுதான். காத்தா என்பது யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்கான நகரசபைக் குறிப்பு. இப்போது அது இ-காத்தாவாகக் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தாலும் அதன் குணம் மாறவில்லை. உரிமையைக் கொடுக்கவோ பறிக்கவோ அதனால் ஆகாது.

“அவர் நல்ல எண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கினாராம். அப்போதும் அவருக்கு உரிமை இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது, உண்மைதான். ஆனால் நிஜமான சொந்தக்காரர் தன் சம்மதத்தோடு வேறொருவரைச் சொந்தக்காரர் மாதிரி வெளியில் காட்டியிருந்தால்தான் அது செல்லும். இறந்துபோன உங்கள் அப்பா யாருக்குச் சம்மதம் கொடுத்திருக்க முடியும்?

உங்கள் பக்கத்து லைன் பாட்டியம்மாவின் கதையையும் ஓரமாக எழுதியிருந்தீர்கள். அது உங்கள் வழக்கிலிருந்து வேறுபட்டது, கவனமாகப் பார்க்க வேண்டியது. உங்கள் அப்பாவின் ரேகை பொய். பாட்டியம்மாவின் ரேகை நிஜம். எதில் வைக்கிறோம் என்பதில்தான் ஏமாற்றப்பட்டார். தங்கவயலில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் கண் முன்னாலேயே இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த குடும்பங்கள் நாலைந்து தலைமுறையாகத் தமிழில் பேசித் தமிழில் கணக்கு எழுதி வாழும் ஊர் அது. பத்திரம் மட்டும் கன்னடத்தில். முதியவர்கள் பலருக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. “படித்துக் காட்டினோம், ஒப்புக்கொண்டார்” என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அதுவும் கன்னடத்தில்தான்.

இந்த மாதிரி ஏமாற்றை நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. உங்கள் மாநிலத்துப் பெண் ஒருவர், நிங்கவ்வா, தொடுத்த வழக்கில் 1968ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. கணவன் பேரில் தானப் பத்திரம் எழுதுகிறோம் என்பது நிங்கவ்வாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் கூடுதல் நிலங்களை அதில் சேர்த்திருந்தார்கள். பத்திரத்தின் தன்மையையே மறைத்திருந்தால், அதாவது கடன் சீட்டு என்று சொல்லிக் கிரயத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அது பிறவியிலேயே செல்லாது. இன்ன பத்திரம் என்று தெரிந்திருந்து, உள்ளே இருக்கும் விஷயத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால், ஏமாந்தவர் காலத்துக்குள் வந்து நீக்கச் சொல்லும் வரை அது செல்லும். நிங்கவ்வாவுடையது இரண்டாம் வகை. காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அவர் வழக்கைத் தள்ளினார்கள். ஏமாற்றப்பட்டது நிஜம் என்று ஆன பிறகும் அந்த அம்மா தோற்றார் என்பதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. பாட்டியம்மாவை இந்த வாரமே வக்கீலிடம் அழைத்துப் போங்கள். ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம், அவ்வளவுதான் அவகாசம்.

உங்களுக்கும் அவகாசம் முடிவில்லாமல் இல்லை. போலிப் பத்திரம் எத்தனை வருஷமானாலும் போலிதான். ஆனால் நிலத்தில் வேலி போட்டு உட்கார்ந்தவரை 12 வருஷம் கேட்காமல் விட்டுவிட்டால், காலவரையறைச் சட்டம் உங்கள் உரிமையையே அணைத்துவிடும். வேலி போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல வேளை. விஷயம் உங்களுக்குத் தெரிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமிருக்காது.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். “மலேசியாவில் இருக்கும் சித்தப்பா மகன் சொல்கிறான், அங்கே நில அலுவலகத்தில் பெயர் ஏறிவிட்டால் அரசாங்கமே உத்தரவாதமாம். இங்கேயும் அப்படி இருந்தால் எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?” நியாயமான கேள்விதான். பல பெரிய மனிதர்களும் இதையே கேட்கிறார்கள். பேராசிரியர் டி.சி. வாத்வா 1989லேயே, உரிமைக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். நிதி ஆயோக் 2020ல் மாதிரிச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. எனக்கு அதில் இருக்கும் பயத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் உறவினர் சொல்லும் ஏற்பாடு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்த ராபர்ட் டோரன்ஸ், 1858ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அதைச் சட்டமாக்கினார். பழைய பத்திரக் கட்டுகளைத் தோண்ட வேண்டாம். அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு, மோசடி. யாருடைய மோசடி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறியவரே, அல்லது அவருடைய ஆளே, தெரிந்து செய்த மோசடியாக இருக்க வேண்டும். அவர் நல்லவராக இருந்து, அவருக்கு முன்னால் நின்றவன் திருடனாக இருந்தால், அவர் பெயர் அசையாது. நியூசிலாந்தில் ஒரு மனைவி கணவனின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு வீட்டை அடமானம் வைத்தார். கடன் கொடுத்தவர் வீட்டை இன்னொருவருக்கு விற்றார். ஃப்ரேசர் எதிர் வாக்கர் என்ற அந்த வழக்கு 1960களில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவன் வீட்டை இழந்தார்.

அதற்கும் முன்னால், 1905ல், அதே பிரிவி கவுன்சில் மாவோரி மக்களின் நிலம் பற்றிய வழக்கு ஒன்றில் மோசடி என்றால் என்ன என்று வரையறுத்தது. பதிவாளரிடம் குறை இருக்கலாம், முந்தைய ஆவணத்தில் ஓட்டை இருக்கலாம். பதிவேட்டில் பெயர் ஏறிய கம்பெனியின் நேர்மைக்கேட்டை நேரடியாக நிரூபித்தால் ஒழிய அதன் உரிமை நிற்கும் என்றது. காகிதமில்லாமல் தலைமுறைகளாக ஒரு மண்ணில் வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம், காகிதத்தோடு வந்த கம்பெனி மறுபக்கம். தங்கவயல்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மலேசியாவுக்கே வருவோம். பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு இரண்டு மனைகள் இருந்தன. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு பெண், பத்திரம் தொலைந்துவிட்டதென்று புதுப் பத்திரம் வாங்கி, அடோர்னா என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். உங்கள் அப்பா பேரில் நடந்ததும் இதுதானே? 2000 டிசம்பரில் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், கம்பெனி நல்லெண்ணத்தில் வாங்கியது, எனவே நிலம் கம்பெனிக்கே என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு மலேசியாவில் நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் வயிற்றில் நெருப்பு. அடுத்த ஒன்பது ஆண்டுகள் போலிக் கையெழுத்துக்குச் சட்டமே துணை நின்றது. 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில்தான் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறு என்று மாற்றியது. அது குவாந்தானில் நடந்தது. போலிப் பவர் பத்திரம் ஒன்றை வைத்து டானின் நிலத்தைப் பேங்கில் ஈடு வைத்திருந்தார்கள். பேங்கிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அவர் ஜெயித்தார்.

ஜெயித்தாலும் ஒரு கொக்கி உண்டு. திருடனிடம் நேராக வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை. அவரிடமிருந்து நல்லெண்ணத்தில், விலை கொடுத்து வாங்கிய அடுத்தவருக்கு இன்றைக்கும் அங்கே பாதுகாப்பு உண்டு. இப்போது உங்கள் மனையை நினைத்துப் பாருங்கள். வேலி போட்டிருப்பவர் இரண்டாமவர். நியூசிலாந்து வழியில் போனால், முதலில் வாங்கியவர் நேர்மையாக வாங்கியிருந்தால், அவரிடமே நீங்கள் தோற்றிருப்பீர்கள். மலேசிய வழியில் இரண்டாமவரிடம் தோற்றிருப்பீர்கள். பலரும் ஓட்டை உடைசல் என்று திட்டுகிற நம் 1908 சட்டத்தின் கீழ் மட்டும்தான் மனை இன்னும் உங்களுடையதாக இருக்கிறது.

டோரன்ஸ் முறையை வைத்திருக்கும் பல ஊர்களில், இப்படிக் குற்றமில்லாமல் நிலத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்க அரசே ஒரு நிதி வைத்திருக்கிறது. மலேசியாவில் அதுவும் இல்லை. நிதி இல்லாத உத்தரவாதம் யாருக்கு உத்தரவாதம் என்று நம் சட்டசபைகளில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில், எல்லை தாண்டினால் குப்பம், அந்த ஆந்திராவிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். நில உரிமைச் சட்டம் ஒன்று 2023 அக்டோபர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிகாரி ஒருவர் பதிவேட்டில் பெயர் ஏற்றுவார். இரண்டு வருஷத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே முடிந்த முடிவு. ஊர் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள், தேர்தலில் அதுவே பெரும் பேச்சானது, 2024ல் புதிய அரசு சட்டத்தை நீக்கிவிட்டது. அந்த இரண்டு வருஷ அறிவிப்பு ஒரு இணையதளத்தில் வந்தால், விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற உங்கள் ஊர்க்காரர் அதை எப்போது பார்ப்பார்?

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை எண்ணும்போது என் பயம் இன்னும் கூடுகிறது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து, 1956ல் மைசூர் அரசு, பிறகு மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறி, 2001 பிப்ரவரி 28ல் மூடும் வரைக்கும், அந்தப் பூமியின் காகிதங்களில் தொழிலாளியின் பெயர் வந்ததே இல்லை. 12,000 ஏக்கருக்கு மேல் கம்பெனி பேரில்தான் இருந்தது. மூடிய பிறகு அதே சின்ன வீட்டில் பிள்ளை பெற்று, கூரை மாற்றி, சுரங்கக் கழிவின் சயனைடு மண் காற்றில் பறந்து வந்து விழுவதைத் துடைத்துத் துடைத்து வாழ்கிறவர்கள் பலரிடம் கிரயப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. இருபது ரூபாய், நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை போட்டோ, ஜிபிஏ (பொது அதிகாரப் பத்திரம்) என்று சொல்லியோ வீடுகள் கை மாறுகின்றன. அப்படி எழுதினால் உரிமை மாறாது என்று 2011ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக அவரோடு முடிகிறது. இந்த நிலையில் நாளைக்கு ஒரு மாற்றமுடியாத பதிவேட்டைத் திறந்தால் முதல் வரியில் யார் பெயர் ஏறும்? கம்பெனி பெயரும், கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்க வருகிறவர் பெயரும் ஏறும். உள்ளே குடியிருப்பவரின் அனுபவ பாத்தியதை பதிவேட்டுக்கும் மேலே நிற்கும் என்று சட்டத்திலேயே எழுதாமல், போலிக்கு ஆளானவருக்குக் காலக் கெடு இல்லாத வழி விடாமல், வீடு வீடாக வந்து அவரவர் மொழியில் அறிவிக்காமல் அப்படி ஒரு சட்டம் வருமானால், அதை எதிர்த்துத் தங்கவயல்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும் என்பேன்.

வேலி போட்டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைத் திருடன் என்று ஊரில் பேச வேண்டாம். அவரும் ஏமாந்தவராகவே இருக்கலாம். அவர் கொடுத்த பணத்தைத் தனக்கு விற்றவரிடம் கேட்க அவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. விற்பவர் உரிமைக்குப் பொறுப்பேற்றே விற்கிறார். நீங்கள் வழக்குப் போடும் முன் அவரிடம் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள். உங்கள் பக்கம் சாட்சியாகவே அவர் வந்துவிடவும் கூடும்.

வழக்கு பற்றி. போலிப் பத்திரத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத் தேவையில்லை. உங்கள் அப்பா அதை எழுதவே இல்லை. உரிமை உங்களுடையது, அந்தப் பத்திரங்கள் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை கேட்டால் போதும். பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவருக்கு அதுதான் வழி என்று 2010ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட்டுக் கட்டணத்திலும் இதனால் வித்தியாசம் வரும், வக்கீலிடம் கேளுங்கள். அதே மனுவில் நிலத்தின் சுவாதீனத்தையும் கேட்டே ஆக வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விளம்புகை மட்டும் கேட்டால் கோர்ட் அதையும் மறுத்துவிடும். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, கட்டக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்குங்கள். பேங்கையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிடுங்கள்.

கர்நாடகத்தில் 2023ல் சட்டசபை நிறைவேற்றிய திருத்தம், போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழி காட்டுகிறது. அங்கேயும் மனுக் கொடுங்கள். ஆனால் அதை நம்பி சிவில் வழக்கைத் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் இதே மாதிரி கொண்டுவந்த 77ஏ பிரிவை 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதும், அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆள்மாறாட்டத்துக்குப் பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு; போலீஸில் தனியாகப் புகார் கொடுங்கள். அடையாளம் சொன்ன இரண்டு சாட்சிகளின் பெயர் பத்திரத்தின் பின்பக்கம் இருக்கிறது. விசாரணை அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

இனி ஒரு வேலை, அதை வேறு யாரும் செய்ய முடியாது, நீங்களும் உங்கள் அம்மாவும்தான் செய்ய வேண்டும். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசின் ரேகைப் புத்தகத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. கோர்ட் வழியாக அதை வரவழைக்கலாம். அது உங்கள் அப்பாவுடையது இல்லை என்று காட்ட அப்பாவின் நிஜ ரேகை வேண்டும். இறப்புச் சான்றிதழே போதும் என்றாலும், எதிர்த்தரப்பு “அது வேறு ஆள், அதே பெயர்” என்று வாதிடக் கூடும். மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதியது, பி.எஃப். பாரம், 2001ல் கணக்குத் தீர்த்தபோது கொடுத்த காகிதங்கள், சொசைட்டிக் கடன் நோட்டு, எதில் அவர் விரலோ கையெழுத்தோ இருந்தாலும் எடுத்து வையுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், ரேகை நிபுணருக்கு ஒரிஜினல் காகிதம் அப்படியே வேண்டும். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தேடிவிட்டு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.